வெள்ளைச் சட்டையில் சேறு இல்லை

நான்கு நிமிடம் என்பது பேசத் தெரிந்தவருக்கு நீண்ட நேரம். டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரில், சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் எட்டு வயதில் மேடையேறிய நாளிலிருந்து அதை நான் அறிவேன். மூன்றாவது நிமிடத்தில் ஒரு மணி, நான்காவது நிமிடத்தில் இரண்டாவது மணி. அந்த இரண்டாவது மணி ஒலிக்கும்போது என் கடைசிச் சொல் சபையில் இறங்கி முடிந்திருக்கும். ஒட்டிப் பேசுவதா வெட்டிப் பேசுவதா என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பார்கள். எந்தச் சீட்டு வந்தாலும் அந்தப் பக்கத்தை என்னால் வெல்ல வைக்க முடியும் என்பதில் எனக்குப் பெருமை இருந்தது. இன்றும் இருக்கிறது. அந்தப் பெருமை ஒரு மனிதரின் வாழ்வில் என்ன செய்யப் பார்த்தது என்பதையும், அதைத் தடுத்தவருக்கும் மன்னித்தவருக்கும் நான் பட்டிருக்கும் நன்றிக்கடனையும் இங்கே எழுதுகிறேன்.

கோபன்ஹேகனில் படிக்க வந்து, அதன் புறநகரான இஷொயில் ஒரு மாடிக் குடியிருப்பில் அறை எடுத்துத் தங்கிய இரண்டாம் ஆண்டில், தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்றில் எனக்குப் பகுதிநேர வேலை கிடைத்தது. எனக்கு அந்த விளையாட்டு தெரியும் என்பதற்காக அவர்கள் என்னை எடுக்கவில்லை. பயிற்றுநர்கள் எழுதும் வீரர் குறிப்புகள் ஒவ்வொன்றும் பத்துப் பக்கம் நீண்டன. கூட்டங்களோ மாலைவரை நீண்டன. குறிப்புகளையும் காணொளிகளையும் படித்து, ஒவ்வொரு புதிய வீரரும் அணிக்குப் பொருந்துவாரா மாட்டாரா என்று நான்கு நிமிடத்தில் எடுத்துச் சொல்ல ஓர் ஆள் அவர்களுக்குத் தேவைப்பட்டது. நேர்காணலில் நான் மூன்று நிமிடம் ஐம்பது நொடியில் பேசி அமர்ந்தேன். தலைமைப் பயிற்றுநர் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்தார். வேலை எனக்கே என்று எழுந்து வரும்போதே தெரிந்துவிட்டது.

விளையாட்டைப் பிறகு கற்றுக்கொண்டேன். வாசகர் அறிந்திருக்க வேண்டியது சிறிதே. பந்தை எறிபவர் ஒருவர் நடுவில் நிற்பார். எதிரணியினர் அவரை விழுத்த ஓடி வருவார்கள். அவர்களை மறிப்பதற்கென்று அவருக்கு முன்னால் ஐந்து பெரிய மனிதர்கள் வரிசையாக நிற்பார்கள். அந்த ஐவர் பந்தைத் தொடுவதில்லை; அவர்களுடைய பெயரைச் சொல்லி எவரும் கூவுவதுமில்லை.

கடந்த வசந்தத்தில் அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தெரிவு செய்தபோது, எங்கள் அணி எடுத்தவர்களுள் ஒருவர் அந்த மறிப்பு வரிசைக்கு உரியவர். ரண்டர்ஸ் நகரைச் சேர்ந்தவர். தமிழர். மூன்று வாரப் பயிற்சிக்குப் பிறகே யாருக்கு ஒப்பந்தம், யாருக்கு வீட்டுக்குப் போகும் கடிதம் என்று முடிவாகும். அந்த ஒப்பந்தத்துக்காக அவர் ஊரில் தாம் செய்துவந்த வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்.

முதல் நாள் நடைபாதையில், இரண்டு பயிற்றுநர்களுடன் நான் நின்றிருந்தபோது, கதவு நிலையில் தலை தட்டாமல் குனிந்து வந்த அவர் என்னைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"அக்கா, நீங்கள் தமிழோ?"

நான் அவருக்கு டேனிஷில் பதில் சொன்னேன். வரவேற்பு மேசை இடப்பக்கம் இருக்கிறது என்றேன். அவர் நன்றி சொல்லி, அதையும் டேனிஷிலேயே சொல்லி, இடப்பக்கம் போனார்.

என்னை நான் நியாயவான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். சொந்த இனத்தவருக்குச் சாய்ந்துவிட்டாள் என்று எவரும் சொல்லக் கூடாது என்பதே என் கவலை. அந்தக் கவலை எனக்கு ஒரு சீட்டைக் குலுக்கிக் கொடுத்தது. நான் வெட்டிப் பேசும் பக்கத்தில் அமர்ந்தேன். அமர்ந்த பிறகு, பழக்கத்தின்படி, வெல்வதற்கான சான்றுகளைத் தேடினேன்.

தேடியவை கிடைத்தன. ஒருவருக்கு எதிராக ஒருவரை நிறுத்தி மோதவிடும் பயிற்சிகளில் அவர் ஒவ்வொரு முறையும் பிந்தினார். மற்ற நால்வர் பாய்ந்து முதலில் கையை வைக்க, இவர் மட்டும் எதிராளி வந்து தொடும்வரை முழங்காலை மடித்துக் காத்து நின்றார். வலது காலும் மெதுவாகவே நகர்ந்தது. அப்படியான பதினொரு துண்டுகளைத் தேர்ந்து கோத்தேன். மேற்குக் கடற்கரை ஊர் ஒன்றில் கொட்டும் மழையில் நடந்த பயிற்சி ஆட்டத்தின் காணொளியும் என்னிடம் இருந்தது. இரண்டாம் பாதி முழுவதும் அவர் அதில் விளையாடியிருந்தார். ஆனால் படம் மங்கல், சேற்றில் ஆள் அடையாளம் தெரியவில்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லி அதை ஒதுக்கிவிட்டேன்.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் நான் பேசினேன். முடிவுரைக்கு ஒரு வாக்கியத்தை முந்தின நாளே செதுக்கி வைத்திருந்தேன்: "இவர் போராடுவதில்லை, போராட்டம் தம்மைத் தேடி வரட்டும் என்று காத்திருக்கிறார்." அறை சிரித்தது. ஒருவர் மேசையைத் தட்டினார். தலைமைப் பயிற்றுநர் தம் தாளில் ஒரு கோடு இழுத்து, "அப்படியானால் முடிவு திங்கட்கிழமை. கடிதத்துக்குரிய காரணங்களை நீரே எழுதிவிடும்" என்றார். மூன்று நிமிடம் நாற்பது நொடி ஆகியிருந்தது.

சனிக்கிழமை ஹொல்ஸ்டெப்ரோவுக்குப் போனேன். பிளையஹெம் என்று இங்கே சொல்லும் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் காலை முறை முடித்து வந்த அம்மா, சீருடையைக்கூட மாற்றாமல் தேநீர்க் கோப்பையோடு என் பக்கத்தில் இருந்தா. மடிக்கணினியில் அந்தப் பதினொரு துண்டுகளும் ஓடிக்கொண்டிருந்தன.

"உது ஆர் பிள்ளை, உந்த மலை?"

"ரண்டர்ஸ் பெடியன் அம்மா. எங்கட ரீமுக்குப் புதுசா எடுத்தவை."

"எங்கட பெடியனே! உந்த உடம்போடயோ? தாய் என்ன குடுத்து வளத்தவவாம்?"

"அம்மா, நான் வேலை செய்யிறன்."

"செய் செய். நான் சும்மா பாக்கிறன். உவருக்கு என்ன வேலை?"

"பின்னால நிக்கிறவர் பந்தை எறியுமட்டும் முன்னால நிண்டு மறிக்கிறது. ஆனா உவர் சரிவராது. பாருங்கோ, மற்ற ஆள் வந்து தொட்ட பிறகுதான் கையைத் தூக்கிறார்."

அம்மா கோப்பையைக் கீழே வைத்தா.

"பின்னை? பாரம் எந்தப் பக்கம் வருதெண்டு தெரியமுன்னம் கையை வைச்சா ரெண்டு பேருமெல்லே விழுவினம்."

"இது விளையாட்டம்மா."

"நூற்றிப்பத்துக் கிலோ மனிசன் கட்டிலால எழும்பேக்க அதுவும் விளையாட்டுத்தான். நீ ஒருக்கா வந்து பார். புதுசா வாற பிள்ளையள் ஓடிப்போய் இழுப்பினம். அடுத்த கிழமை நாரிப்பிடிப்பெண்டு வீட்டில நிப்பினம். நாங்கள் இழுக்கிறேல்லை. அந்தாள் எங்க சாயிறாரெண்டு பாத்து, அங்க இடுப்பைக் குடுக்கிறது." அம்மா திரையைக் கிட்டவாகப் பார்த்தா. "உவன் பிளையஹெம்மில வேலை செய்த பெடியன். எழுதி வைச்சுக்கொள்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவுக்குப் பதில் சொல்லவேண்டும் என்பதற்காகவே அவருடைய விண்ணப்பப் படிவத்தைத் திறந்தேன். முந்தைய தொழில் என்ற வரியில், ரண்டர்ஸில் உள்ள ஒரு பராமரிப்பு இல்லத்தில் இரண்டு ஆண்டுகள் என்று இருந்தது. மூன்று வாரமாக அந்தப் படிவம் என்னிடம் கிடந்தது. அந்த வரிக்கு மேலே அவருடைய எடை, கீழே அவருடைய உயரம். இரண்டையும் என் உரையில் சொல்லியிருந்தேன்.

"சொன்னனான்தானே," என்றா அம்மா. அவவுக்கு அது ஒரு வியப்பாகவே இல்லை. "சரி, பின்னால நிக்கிறவர் எத்தனை தரம் விழுந்தவர்?"

"ஆர்?"

"எறியிறவர். உவன் அவரைத்தானே பாக்கிற வேலை? எங்களிட்டையெண்டா அதைத்தான் முதல் கேப்பினம். நீ நல்லாப் பிடிச்சியோ வடிவா நிண்டியோ எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை. மனிசன் விழுந்தவரோ இல்லையோ?"

பத்து ஆண்டுகளாக நடுவர்களின் முன்னால் நின்றவள் நான். எடுப்பு, தொடுப்பு, குரல், நிற்கும் நிலை என்று புள்ளி போடும் தாள்களுக்காகவே என்னை வளர்த்துக்கொண்டவள். அந்த மனிதருக்கும் அதே தாளைத்தான் நான் நிரப்பியிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஒதுக்கிய காணொளியைத் திறந்தேன். மழை. முதற்பாதியில் எங்கள் அணியின் எறிபவர் திரும்பத் திரும்ப விழுந்தார். வெள்ளைச் சட்டை முதுகோடு கறுத்துப்போனது. இடைவேளைக்குப் பின் சலவைச் சட்டையோடு வந்தார். ரண்டர்ஸ் வீரரும் அப்போதுதான் களத்தில் இறங்கினார். முழங்காலை மடித்தார், காத்தார், வந்தவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று பார்த்து, அங்கே இடுப்பைக் கொடுத்தார். ஆட்டம் முடிந்து எல்லோரும் கைகொடுத்தபோது களத்தில் இருந்தவர்களை மனிதர் என்று கண்டுகொள்ளவே கடினமாக இருந்தது. எறிபவரின் சட்டை மட்டும் மழையில் நனைந்து, வெள்ளையாகவே இருந்தது.

"சட்டை ஊத்தையாகேல்லை," என்றா அம்மா. பிறகு கோப்பையைக் கழுவ எழுந்து போனா.

வென்ற விவாதத்தைத் திருப்பித் தோற்பதற்கு எந்த மேடையிலும் எனக்குப் பயிற்சி தரப்படவில்லை. திங்கட்கிழமை இன்னும் நான்கு நிமிடம் கேட்டேன். வியாழக்கிழமை நான் சொன்னவற்றில் பொய் இல்லை என்றும், ஆனால் காட்டியதைக் காட்டாததோடு சேர்த்துப் பார்த்தால் வேறு முடிவு வருகிறது என்றும் சொன்னேன். தலைமைப் பயிற்றுநர் சாய்ந்து உட்கார்ந்தார்.

"வியாழக்கிழமை நீர் என்னை நம்பவைத்தீர். இன்றைக்கும் நம்பவைக்கப் பார்க்கிறீர். எந்த நாள் உம்மை நம்புவது?"

"என்னை நம்பவேண்டாம்," என்றேன். "எறிபவரின் சட்டையைப் பாருங்கள்."

காணொளியை ஓடவிட்டு அமர்ந்தேன். விளக்கவில்லை. எனக்கு அது மிகக் கடினமாக இருந்தது. இரண்டு முறை வாயைத் திறந்து மூடினேன். பயிற்றுநர் சில இடங்களைத் தாமே திருப்பி ஓடவிட்டார். இறுதியில் அவர், "தனித்து மோதும் பயிற்சியில் பின்னால் காக்க ஆளில்லை. அதுதான் அங்கே இவர் பிந்துகிறார்" என்றார், பாதி தமக்குள். "வலது கால் மெதுவு என்று நீர் சொன்னது சரி. அது திருந்தவேண்டும். மாற்று வீரராக இந்தப் பருவத்துக்கு எடுப்போம்." தாளில் இழுத்த கோட்டின் மேல் இன்னொரு கோடு இழுத்தார்.

அன்று நடைபாதையில் நான் ரண்டர்ஸ் வீரரைத் தேடிப் போனேன். நடந்தது முழுவதையும் தமிழில் சொன்னேன். அம்மா சொன்னதையும் சொன்னேன். அவர் தண்ணீர்ப் போத்தலைக் கையில் உருட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அண்டைக்கு நீங்கள் டெனிஷில கதைக்க, பாவம், இந்த அக்காவுக்குத் தமிழ் வராதாக்குமெண்டு நினைச்சன். பிறகுதான் என்ர அம்மா சொன்னவ, நீங்கள் பேச்சில கப் எடுத்த ஆளெண்டு."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ தம்பி."

"விடுங்கோ அக்கா. கால் மெதுவெண்டது உண்மைதானே. ஆனா அந்தப் போராட்டம் தேடி வாறதெண்ட வசனம்..." அவர் சிரித்தார். "அதை எனக்கு எழுதித் தாங்கோ. எங்கட பிளையஹெம்மில சுவரில ஒட்டலாம். அதுதான் அங்க வேலையே."

எழுதிக் கொடுத்தேன். நான் செதுக்கிய வாக்கியங்களுள் பொருள் அறிந்து எவரேனும் கேட்டு வாங்கியது அந்த ஒன்றுதான். அவர் நினைத்திருந்தால் அந்த நிமிடத்தில் என்னைச் சிறுமைப்படுத்தியிருக்கலாம். அதைச் செய்யாமல் என் வசனத்துக்கு ஓர் இடம் தேடிக் கொடுத்தார். அந்தப் பெருந்தன்மைக்கு நான் என்றும் கடமைப்பட்டவள்.

பருவத்தின் மூன்றாம் ஆட்டத்தில் வழமையான வீரருக்குக் கணுக்கால் சுளுக்க, மாற்று வீரரான அவர் களத்தில் இறக்கப்பட்டார். ஆட்டம் முடிந்து பார்வையாளர் கலைந்துகொண்டிருந்தபோது அம்மாவின் அழைப்பு வந்தது. வென்றோமா தோற்றோமா என்று கேட்கவில்லை.

"சட்டை என்னெண்டு கிடக்கு?"

"ஒரு தோளில புல்லுக்கறை அம்மா. ஒருக்கா வலப்பக்கத்தால விட்டிட்டார். மற்றதெல்லாம் வெள்ளை."

"ஒருக்காத்தானே. எங்களிட்டையும் விழுகிறவைதான்," என்றா அம்மா. "அந்தக் காலை ஒருக்காப் பாக்கச் சொல்லு. தமிழில சொல்லு."

ஓம் என்று சொல்லிவிட்டு, படிகளில் இறங்கி அவரிடம் போனேன்.