தமிழில் ஒரு ஜெபம்

எண்பதுகளில் ஜெர்சி சிட்டியில் நாங்கள் போய்வந்த பழைய சர்ச்சின் பாஸ்டர் திருநெல்வேலிக்காரர். குட்டை உருவம், பெரிய தொப்பை. காபி குடிப்பதற்கு முன்பும் நீளமாக ஜெபிப்பார். எல் சால்வடோர் நாட்டு உள்நாட்டுப் போரிலிருந்து விசா இல்லாமல் தப்பி வந்த ஒரு தாயையும் இரண்டு பிள்ளைகளையும் சர்ச் பேஸ்மெண்டில் தங்கவைத்திருந்தார்.

"சட்டப்படி இது தப்பில்லையா அங்கிள்?" என்று கேட்டேன். என் கிரீன் கார்டு இன்னும் வரவில்லை.

"தப்பி வந்த அடிமைகளைப் பிடிச்சுக் குடுக்கணும்னு அந்தக் காலத்துல இங்க சட்டம் இருந்துச்சு தம்பி. இதே சர்ச்காரங்க முடியாதுன்னுட்டாங்க. இப்ப நான் குடுத்தா அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் குடியேற்ற அதிகாரிகள் இருவர் வந்தார்கள். நான் இன்னும் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். பாஸ்டர் முகம் மலர, "முதலில் ஜெபிப்போம்" என்றார் ஆங்கிலத்தில். அவர்களும் பணிவாகக் கண்களை மூடினார்கள். ஜெபம் தமிழில் ஆரம்பித்தது.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே! பின்கதவு திறந்திருக்கு ஆண்டவரே! முன்வரிசைத் தம்பி மெதுவா எழுந்து, கீழ இருக்கிற மூணு பேரையும் கார்ல ஏத்திட்டுப் போக கிருபை தாரும்!"

நாலைந்து தமிழ்க் குரல்கள் "ஆமென்!" என்றன. சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓடினேன். பிளெய்ன்ஸ்பரோவில் இருந்த என் அபார்ட்மெண்டுக்கு அவர்களைக் கொண்டு சேர்த்த பிறகு போன் செய்தேன்.

"ஜெபத்துல இப்படியெல்லாம் பேசலாமா அங்கிள்?"

"நான் ஆண்டவர்கிட்ட பேசிட்டிருந்தேன். நடுவுல நீ எதுக்குப்பா ஒட்டுக்கேட்ட?"

அந்தத் தாயும் பிள்ளைகளும் பிறகு பத்திரமாகக் கனடா போய்ச் சேர்ந்தார்கள். ஒட்டுக்கேட்டதாக பாஸ்டர் கேலியாகச் சொன்னாரா, நிஜமாகவே கோபித்துக்கொண்டாரா என்பதுதான் எனக்கு இன்றுவரை தெரியவில்லை.