சாம்பிள் பாட்டிலில் ஒரு ஜீரகம்

பெங்களூர் அல்சூரில் நாங்கள் இருந்த சந்தில் ஆறு வீட்டுக்கும் ஒரே குழாய். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். குழாய்த் தண்ணீர் டிகாஷன் நிறத்தில் வந்தது. வாசனை மட்டும் டிகாஷன் இல்லை. என் மகளுக்கு ஒரே மாதத்தில் இரண்டு தடவை வயிற்றுப்போக்கு.

"மூணாவது தடவை வந்தா பெரிய ஆஸ்பத்திரிதான்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து என் மனைவி ஜீரகம் போட்டுத் தண்ணீர் காய்ச்ச ஆரம்பித்தாள். ஆனால் விளையாடுகிற பிள்ளை குழாயில் வாய் வைப்பதை யார் தடுப்பது?

தண்ணீர் ஆபீஸில் புகார் கொடுத்தோம். சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் தோண்டுவோம் என்று ஒரு பாட்டில் கொடுத்தார்கள். பீன்யா ஃபேக்டரியில் எனக்கு மத்தியான ஷிஃப்ட். காலையில் சும்மா இருக்கிற ஒரே ஆள் என்பதால், இரண்டாம் வகுப்பைத் தாண்டாத என்னிடம் அந்த வேலை வந்தது.

பாட்டிலில் தண்ணீர் பிடித்தேன். உள்ளே நூல் மாதிரி ஏதோ நெளிந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. படித்த பெரிய மனுஷர்கள் பார்க்கப்போகிற தண்ணீர், சந்து மானம் என்ன ஆவது? கீழே கொட்டினேன். மகளுக்குக் காய்ச்சி வைத்திருந்ததை ஓட்டை விழுந்த பழைய வேட்டியில் வடிகட்டி, கழுத்துவரை நிரப்பி, இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பினேன்.

ஒரு வாரத்தில் ரிப்போர்ட் வந்தது. பிரசாதம் மாதிரி இரண்டு கையிலும் ஏந்தி வந்தேன். பக்கத்து வீட்டு டீச்சரம்மா படித்தார்.

"குடிக்க நல்ல தண்ணியாம். தோண்ட வேண்டியதில்லையாம்."

"பார்த்தீங்களா, நம்ம சந்து பாஸ்!" என்றேன். வாழ்க்கையில் நான் பாஸான ஒரே பரீட்சை.

மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "யோவ், எந்தத் தண்ணிய ஊத்துன?"

சொன்னேன்.

"அடப்பாவி மனுஷா! பொண்ணுக்கு மூணாவது தடவை வரட்டும், உன்னையே காச்சி வடிகட்டிடுறேன்!"

மறுநாள் குழாயில் பிடித்ததை அப்படியே கொண்டுபோனேன். ஆபீசர் கன்னடக்காரர், தமிழும் பேசுவார். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ஏனப்பா இது? போன வாரம் பன்னீர் மாதிரி இருந்துச்சு. இப்ப சாக்கடைய மொண்டுட்டு வந்து நாடகமா?"

"இல்ல சார், இதான் நெசம். அது காச்சுன தண்ணி. உங்க கையில குடுக்கறத அசிங்கமா குடுக்கலாமா?"

"சும்மா கதை விடாதே. ஹோகு, ஹோகு!" என்று வாசலைக் காட்டினார்.

மகள் முகம் கண்ணுக்குள் வந்தது. "சாமி சத்தியமா சார்! அதுல ஜீரகம்கூட போட்டிருந்தா என் சம்சாரம்."

அவர் தலையைச் சொறிந்தார். உள்ளே திரும்பி, "அந்த அல்சூர் பாட்டில்ல என்னமோ மிதக்குதுன்னியே, என்னது?" என்று கத்தினார்.

"ஜீரகம் சார்!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல்.

ஆபீசர் சிரித்த சிரிப்பில் மூக்குக் கண்ணாடி ஃபைல் மேல் விழுந்தது.

அடுத்த நாளே வந்து தோண்டினார்கள். சாக்கடையை ஒட்டிப் போன குழாயில் என் கட்டைவிரல் நுழைகிற ஓட்டை. புதுக் குழாய் போட்டார்கள். மகளுக்கு மூன்றாவது தடவை வரவேயில்லை.

அப்புறம் ஃபேக்டரியில் எல்லோருக்கும் உடம்புப் பரிசோதனை வைத்தார்கள். சிறுநீர் பிடித்துக் கொண்டுவரச் சொல்லி எனக்கும் ஒரு பாட்டில். மறுநாள் அதோடு கிளம்பும்போது மனைவி வாசலில் கையை விரித்து மறித்தாள்.

"காச்சலியே?"