நார்த்தாமலையில் தற்செயலாக

எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க யாராவது வந்து நாலு வருஷமாகிறது. வரவேண்டாம் என்று அம்மாவே சொல்லிவிட்டாள். காரணம், தெரு. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் ஒரு கார் வந்து நின்றால் போதும், பெருக்கிய வாசலையே மறுபடி பெருக்கப் பத்துப் பேர் வெளியே வந்துவிடுவார்கள். மறுநாள் காலை பால் வாங்கப் போனால், "என்ன சொன்னாங்க?" என்று கேட்பார்கள். பிடிக்கவில்லை என்றவர்களைக்கூட மன்னித்துவிட்டேன். அந்த "என்ன சொன்னாங்க" மட்டும் இன்னும் உள்ளே குத்திக்கொண்டே இருக்கிறது.

எனக்கு முப்பத்தெட்டு வயது. முதல் கல்யாணம் எட்டே மாதத்தில் முடிந்துபோனது. தில்லை நகரில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிறேன். நரம்பே தெரியாத கையிலும் ஒரே குத்தில் எடுத்துவிடுவேன். ஊசியைவிட என் வாய்தான் அதிகம் குத்தும் என்பாள் அம்மா.

வீடு வேண்டாம் என்றானதும் அம்மா கோயிலைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு வீட்டாரும் ஒரே நாளில் ஒரு கோயிலுக்குப் போவது, எதிரெதிரே வந்ததும், "அடடே, நீங்களும் வந்திருக்கீங்களா!" என்று ஆச்சரியப்படுவது. பிடித்தால் பேச்சு தொடரும். பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் பார்க்கவே இல்லை. ஒரு வீட்டார் வராமலே இருந்துவிட்டால் வேண்டாம் என்று அர்த்தம். அதற்கு மேல் போன் போட்டு ஏன் வரவில்லை என்று கேட்பது மரியாதை இல்லை. பெண் வீட்டார் கேட்கவே கூடாது.

இந்தத் தடவை மாப்பிள்ளை புதுக்கோட்டைக்காரர். மனைவியை இழந்தவர், சின்னதாக ஒரு எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். அவருடைய தங்கைதான் அம்மாவிடம் பேசினாள். ஞாயிற்றுக்கிழமை காலை, நார்த்தாமலையில், மலைமேல் இருக்கிற பழைய சிவன் கோயிலில் என்று முடிவானது. போட்டோவில் அவருடைய சட்டைப் பையில் பேனா மை கசிந்து பெரிய வட்டமாக இருந்தது. அதை மறைக்கவும் இல்லை, சட்டையை மாற்றவும் இல்லை. தன் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டு நின்றார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இவர் வரவேண்டும் என்று அந்த வாரம் முழுக்க வேண்டிக்கொண்டேன்.

பஸ் ஏர்போர்ட்டைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் பச்சை குறைந்துகொண்டே போனது. காவிரிக் கரையில் வளர்ந்தவள் நான். தண்ணீர் இல்லாத அத்தனை பெரிய வெளியைப் பார்க்க ஏதோ பாதித் தூக்கத்தில் இருப்பது போல இருந்தது. கள்ளியும் உடைமுள்ளும் வெளுத்துப்போன புல்லும் கண்ணுக்கெட்டிய மட்டும் கிடந்தன. நடுநடுவே, கவிழ்த்து வைத்த சட்டிகளைப் போல மொட்டைப் பாறைகள். ஒரு காலத்தில் பெரிய வணிகர்கள் வாழ்ந்த ஊராம். நாங்கள் போனபோது தெருவில் ஆடுகள்தான் அவசரமில்லாமல் நடந்துகொண்டிருந்தன.

அடிவாரம் போய்ச் சேர ஒன்பது மணி. நான் நேராகப் பாறையில் கால் வைத்தேன். அம்மா புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள்.

"எங்கடி ஓடற? முதல்ல போயி உட்கார்ந்தா, அலைஞ்சுக்கிட்டு வந்துட்டாங்கன்னு நெனைக்க மாட்டாங்க? அவங்க ஏறட்டும். அப்புறம் நாம தற்செயலா போவோம்."

"தற்செயலா போறதுக்கு நேரம் பார்த்துக்கிட்டு உட்காரணுமா?"

"வாயை மூடிக்கிட்டு உட்காரு."

பாதை தெரிகிற மாதிரி ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். கோயில் அங்கிருந்து தெரியாது. பாறை வயிறு தள்ளி நின்று மேலே இருப்பதை எல்லாம் மறைத்துக்கொண்டிருந்தது. காற்று மட்டும் அங்கிருந்து இறங்கி வந்தது. கொஞ்சம் வெயில் வாடை, கொஞ்சம் புல் வாடை. எங்கேயோ ஒரு மயில் அகவியது. ஆடு மேய்க்க வந்த ஒரு அம்மாள் எங்கள் பக்கத்தில் குந்தி வெற்றிலை போட்டுக்கொண்டாள்.

"மேல ஒரு சுனை இருக்கும்மா. அதுக்குள்ளாற ஒரு சாமி இருக்குது. தண்ணிய எறைச்சாத்தான் கண்ணுல படும். இல்லாட்டி தண்ணிக்குள்ளயே கெடக்கும்" என்றாள்.

அதைக் கேட்டபின் எனக்குக் கண்ணைத் திறந்து வைத்திருக்கவே தோன்றவில்லை. தண்ணீருக்கடியில் ஒரு கருவறை, அதற்குள் பச்சை வெளிச்சம், மீன்கள் சுற்றி வருகிற சாமி. அந்தப் பச்சைக்குள் நானும் கொஞ்ச நேரம் இருந்தேன். அங்கே வயது கேட்க ஆளில்லை. மேகம் ஒன்று வெளியைக் கடந்து போனபோது அதன் நிழல் பாறைமேல் ஏறி மறுபக்கம் வழிந்ததைப் பார்த்தேன். பத்து மணியா பதினொன்றா என்று தெரியவில்லை. காலேஜ் பிள்ளைகள் இரண்டு பேர் ஏறினார்கள். அவ்வளவுதான், வேறு யாரும் வரவில்லை.

வெயில் உச்சிக்கு வந்ததும் அம்மா எழுந்து புடவையை உதறினாள். "வரலைடி" என்றாள். குரல் அத்தனை மெல்லியதாக அவளிடமிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. மேலே போய்க் கோயிலையாவது பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். "யாருக்காக?" என்றாள். கொண்டுபோன புளியோதரையைப் பிரிக்காமலே பஸ் ஏறினோம்.

பஸ்ஸில் அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். ஜன்னலில் அதே வெளி, அதே பாறைகள், இப்போது பின்னோக்கிப் போயின. எனக்கு அழுகை வந்தது. அழுகைக்குப் பின்னாலேயே கோபமும் வந்தது. வேண்டாமென்றால் வாயைத் திறந்து சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! அம்மாவின் மடியிலிருந்த போனை மெதுவாக எடுத்து அந்தத் தங்கையின் நம்பரை அழுத்தினேன்.

"ஸ்ரீரங்கத்துலேர்ந்து பேசறேன். வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லியிருக்கலாமேங்க. எங்கம்மா முட்டி வலியோட அடிவாரத்துல மூணு மணி நேரம் உட்கார்ந்திருந்தாங்க."

"அய்யய்யோ! அடிவாரத்துலயா?" என்று அவள் கத்தியது முன் சீட்டு வரை கேட்டிருக்கும். "நாங்க எட்டு மணிக்கே மேல வந்துட்டோங்க. காத்துக்கிட்டு நின்னா நல்லாருக்காதேன்னு சிவன் கோயிலுக்கு எதிர்ல இருக்கிற குகைக்குள்ள உட்கார்ந்துட்டோம். நீங்க ஏறி வந்ததும், அப்பதான் சாமி கும்பிட்டுட்டு வர்ற மாதிரி வரலாம்னு... எங்கண்ணன் எட்டிப் பாக்கறேன்னு சொல்லிச்சு. நான்தான் விடல. இந்தாங்க, அண்ணன்கிட்டயே பேசுங்க."

போன் கை மாறுகிற சத்தம். பிறகு கொஞ்சம் காற்று.

"நான்தாங்க" என்றது ஒரு குரல். "இன்னும் மேலதான் இருக்கேன். இந்தக் குகையில வரிசையா பன்னெண்டு பெருமாள் நிக்கிறாங்க. ஒவ்வொருத்தரையும் நாலு தடவை எண்ணிட்டேன். உங்களுக்குப் பிடிக்கலை போலன்னு இப்பதான் தங்கச்சிகிட்ட சொல்லிக்கிட்டிருந்தேன்."

"பிடிச்சிருக்குங்க" என்றேன். பஸ்ஸில் இருக்கிறேன் என்பதே மறந்துவிட்டது.

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப அடுத்த ஞாயித்துக்கெழமை வேற கோயில் ஏதாவது பாக்கட்டுங்களா?" என்றார். "தற்செயலா?"

"கோயில் வேண்டாங்க. வீட்டுக்கு வாங்க. கார்லயே வாங்க. தெருவுக்குத் தெரிஞ்சா தெரியட்டும்."

தோளில் பாரம் அசைந்தது. அம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "அஞ்சரைக்கு வரச் சொல்லுடி. அப்பதான் எல்லாரும் வாசல்ல நிப்பாங்க."