தையட் பாறையில் மைத்துனருக்கு வைத்த அழைப்பு

கார்த்திகை கடைசி வாரம், சனிக்கிழமை பிற்பகல் கோவையில் ரயில் ஏறிய நானும் என் மனைவி சரசுவும் திங்கட்கிழமை ஜோத்பூரில் இறங்கினோம். அங்கிருந்து ஜெய்சல்மேர் சுமார் 280 கிலோமீட்டர். பேருந்தில் ஐந்தரை மணி நேரம். கோபிசெட்டிபாளையத்தில் கேட்டவர்களிடம் டைனோசர் காலடித் தடம் பார்க்கப் போகிறோம் என்றேன். அது பொய்யல்ல, பல வருட ஆசை. ஆனால் பயணத்தின் காரணம் சரசுவின் அண்ணன் தங்கவேலு.

திருச்செங்கோட்டு போர்வெல் வண்டியோடு வடக்கே போனவர், கல்யாணம் செய்துகொள்ளாமல் ஜெய்சல்மேரிலேயே மேனேஜராகத் தங்கிவிட்டார். எங்கள் மூத்தவள் கல்யாணத்தின்போது, தூரத்தை நினைத்து, பத்திரிகையை வாட்ஸ்ஆப்பில் அனுப்பிப் போனில் அழைத்தோம். எங்கள் பக்கம் தாய்மாமனைப் பெண்ணின் அப்பா அம்மா சேர்ந்து நேரில் போய், தட்டு வைத்து அழைக்க வேண்டும். அவர் வரவில்லை. மணப்பெண்ணின் நெற்றியில் மாமன் கட்ட வேண்டிய பட்டத்தை ஒன்றுவிட்ட மாமன் ஒருவர் கட்டினார். இளையவளுக்கு வரும் தையில் கல்யாணம். இதற்கும் அவர் வராவிட்டால் அண்ணன் தங்கை என்பது அதோடு முடிந்தது என்று சரசு சொல்லியிருந்தாள்.

திங்கள் இரவு ஜெய்சல்மேர் பேருந்து நிலையத்துக்குத் தங்கவேலு ஜீப்போடு வந்து நின்றார். பையை வாங்கிக்கொண்டார், வெந்நீர் போட்டுக் கொடுத்தார், ரசம் வைத்திருந்தார். கல்யாணப் பேச்சை மட்டும் எடுக்கவிடவில்லை. செவ்வாய்க்கிழமை நல்ல காரியம் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டு, நாள் முழுக்க வேலையிடத்துக்குப் போய்விட்டார்.

புதன் காலை ஒன்பது மணிக்கு அவரே ஜீப்பை எடுத்தார். ஜெய்சல்மேரிலிருந்து பார்மேர் சாலையில் 17 கிலோமீட்டரில் ஆகல் கல்மரப் பூங்கா. மரமில்லாத சரளை மேடுகள். தகரக் கூரையும் கம்பி வலையும் போட்ட கூண்டுகளுக்குள், கல்லாகிப் போன அடிமரங்கள் படுத்திருக்கின்றன. பட்டையின் வரிகூட அழியவில்லை. பதினெட்டுக் கோடி ஆண்டுகளுக்கு முன் இது கடலோரக் காடு. சரசு வலைக்குள் விரலை விட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

“இத்தனை வருசமா இங்கயே கெடக்குது,” என்றார் தங்கவேலு. “நேர்ல வந்து யாரும் கூப்புடுல போலிருக்குது.”

சரசு விரலை வலையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

அங்கிருந்து ஜோத்பூர் சாலையிலுள்ள தையட் கிராமத்துக்குப் போனோம். ஊருக்கு வெளியே மணற்பாறைச் சரிவு. காற்றைத் தவிர வேறு சத்தமில்லை. சிறிது தூரம் நடந்ததும் தங்கவேலு நின்று காலால் காட்டினார். மூன்று விரல்கள், கனமான குதிகால், நீளம் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு. ஈர மணலில் இப்போதுதான் மிதித்துவிட்டுப் போனதுபோல் இருந்தது. படத்தில் பலமுறை பார்த்ததுதான். ஆனாலும் குனிந்து விரல் விரலாகக் கை வைத்துப் பார்த்தேன்.

நான் நிமிர்ந்தபோது சரசு பையைத் திறந்து எவர்சில்வர் தட்டை எடுத்துப் பாறைமேல் வைத்திருந்தாள். தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, மஞ்சள் தடவிய பத்திரிகை. தங்கவேலு தட்டையே பார்த்தபடி நின்றார். என் பழக்கம், கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு பத்து. புதன்கிழமை ராகு காலம் ஒன்றரை வரை. சொல்லிவிட்டேன். சரசு என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டியதில்லை.

தங்கவேலு அன்றுதான் முதலில் சிரித்தார். “மாப்ள பஞ்சாங்கத்த ஊட்டுல வெச்சுப்போட்டு வருவாருன்னு நெனச்சியா அம்மணி?”

மூவரும் ஜீப்பின் நிழலில் உட்கார்ந்து காத்திருந்தோம். கொஞ்ச நேரம் தடத்தைப் பற்றியே பேச்சு. பிறகு அவராகவே பேச்சை அவர்கள் பிறந்த ஊரான உடுமலைப்பேட்டைக்குக் கொண்டுபோனார்; பள்ளி விடுமுறையில் தங்கையை சைக்கிளில் வைத்து அமராவதி அணை வரை மிதித்துப்போன கதை.

“மொதலப் பண்ணைல என்ற சட்டையப் புடிச்சவ ஊடு வார வரைக்கும் உடுலீங்க மாப்ள.”

“அது வாயத் தொறந்ததும் என்ற பின்னால வந்து நின்னது ஆருங்கண்ணா?”

“உன்னயத் தனியா உடக்கூடாதுன்னு நின்னேன்.”

“பின்னாலயா?”

இருவரும் சிரித்தார்கள். எனக்கு அந்தக் கதை தெரியாது. கல்யாணத்துக்கு முந்தைய சரசுவை அன்றுதான் கொஞ்சம் பார்த்தேன்.

ஒன்றரை ஆனதும் தங்கவேலு செருப்பைக் கழற்றினார், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார், யாரும் சொல்லாமலே கிழக்கு முகமாக நின்றார். நாங்கள் இருவரும் சேர்ந்து தட்டை நீட்டினோம்.

“நேர்ல வந்துட்டோமுங்கண்ணா. சின்னவளுக்கு நீங்கதான் பட்டம் கட்டிக் குடுக்கோணும்.”

அவர் வாங்கிக்கொண்டார். ரயிலிலும் பேருந்திலும் வந்த வெற்றிலை கறுத்துச் சருகாகியிருந்தது. அதிலிருந்து ஒன்றை எடுத்து, காம்பு கிள்ளி, வாயில் போட்டு மென்றார். விழுங்கிய பிறகு, “மொத நாளே வாரேன் அம்மணி,” என்றார்.

வியாழக்கிழமை காலைப் பேருந்தில் ஜோத்பூருக்குத் திரும்பினோம். எங்கள் ஊர்ப் பாறைகள் தையட் பாறையைவிடப் பழையவை. விலங்குகள் நடமாடுவதற்கு முன்பே இறுகிவிட்டவை. அவற்றில் எந்தக் காலடியும் இல்லை. யார் வந்தார், யார் வரவில்லை என்பதை அங்கே மனிதர்கள்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள், கல்யாணத்துக்குக் கல்யாணம்.

இதைச் சரசுவிடம் சொல்லலாம் என்று திரும்பினேன். பேருந்து ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் அவள் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிப்போயிருந்தாள்.