பொங்காத கேக்கும் மூன்று பேக்கிங் பவுடரும்

என் மகளின் பிறந்த நாள் கேக்கை நான்தான் செய்வேன். பெங்களூரில் அவளுக்குப் புருஷன், வேலை, அடுக்குமாடி வீடு எல்லாம் வந்த பிறகும் கேக் என் கையால்தான். ஆனால் அவள் அப்பா தவறிப் போன பிறகு நான் செய்த இரண்டு கேக்கும் பொங்கவில்லை. முதல் வருஷம் நடுவில் குழி விழுந்தது. போன வருஷம் கல். மகள் ஒரு துண்டை வாயில் போட்டு வெகு நேரம் மென்றாள். பிறகு தட்டைக் கீழே வைத்தாள்.

"அம்மா, சீரியஸா சொல்றன். கேக்கு கூட உன்னால ஆவல. ஒண்டியா இங்க இன்னா பண்ணிகினு கீற? ஊட்ட பூட்டிட்டு எங்ககூட வந்துடு."

கேக்குக்கும் வீட்டுக்கும் என்ன சம்பந்தம்? எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது.

"பவுடரு சரியில்ல. அதுக்கு நான் ஊட்ட காலி பண்ணணுமா? அடுத்த வருஷம் பாரு, பஞ்சு மாரி வரும். வரலன்னா நீ சொல்றபடி வந்துடறன், போ!"

"அத்தை, ரெக்கார்ட் பண்ணிக்கட்டுமா?" என்றார் மருமகன். எல்லாரும் சிரித்தார்கள். நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

மாரிகுப்பத்தில், தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு எங்களுடையது. விடிவதற்குள் எங்கள் வரிசையில் பாதிப் பேர் பெங்களூர் ரயிலுக்கு ஓடிவிடுவார்கள். அதன் பிறகு சாயங்காலம் வரை பேச்சுக்கு ஆளில்லை. குக்கர் விசில் அடித்தால் "வரேன் வரேன்" என்று அதற்குப் பதில் சொல்கிறேன், அந்த லட்சணம். தனியாக இருப்பது கஷ்டம்தான். ஆனால் அதை மகளிடம் ஒப்புக்கொண்டால் நான் நான் இல்லை. அந்த வருஷம் முழுக்க ஞாயிறு தவறாமல் போன் செய்து "வந்துடும்மா" என்பாள். நானும் தவறாமல் திட்டுவேன்.

இந்த வருஷம் பிறந்த நாளுக்கு ஒரு மாதம் முன்பே இறங்கிவிட்டேன். ராபர்ட்சன்பேட்டையில் நான் எப்போதும் வாங்கும் கடையில் இரண்டு விதமான பேக்கிங் பவுடர் கேட்டேன். ஒன்று அவர்களே நிறுத்துப் பொட்டலம் கட்டி விற்பது, இவ்வளவு காலமும் நான் போட்டது. இன்னொன்று டப்பா.

"இன்னாக்கா, பேக்கரி வெக்கப் போறீங்களா?" என்றார் கடைக்காரர்.

"வெச்சா உன்னத்தான் கூப்புடுவேன், பாத்திரம் கழுவ" என்றேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி, கிண்ணத்துக்கு ஒரு ஸ்பூன் போட்டுப் பார்த்தேன். இரண்டும் புஸ்ஸென்று நுரைத்தன. சரி, கேக்கிலேயே பார்த்துவிடலாம் என்று குக்கரில் உப்பைக் கொட்டிச் சூடாக்கி, விசிலைக் கழற்றிவிட்டு, சின்னச் சின்னதாக இரண்டு கேக் வேக வைத்தேன். அட, இரண்டும் அழகாக எழும்பி நிற்கின்றன! பொட்டலப் பவுடர் போட்டதில் கடைசியில் நாக்கில் லேசாக சோப்புக் கசப்பு தங்கியது. டப்பாவில் அது இல்லை. சரிதானா என்று இன்னொரு வாயைக் கேட்கலாமென்று பக்கத்து வீட்டுக்குப் போனேன். பூட்டு தொங்கியது. மூன்று நாள் இரண்டு கேக்கையும் நானே தின்று தீர்த்தேன்.

அப்படியானால் போன வருஷம் ஏன் கல்லானது? குக்கர் கேக்கைப் பிறந்த நாளுக்கு வைக்க முடியாது. மேலே சிவக்காமல் இட்லி போல வெளுத்துக் கிடக்கும். எங்கள் ஊரில் பலரும் செய்வது போல, மாவை வீட்டில் கலந்து தகர ட்ரேயில் ஊற்றி, பேக்கரி விறகு அடுப்பில் கொடுத்துத்தான் நாங்கள் வாங்குவோம். ட்ரே மாறிப் போகாமலிருக்க, சுரங்கத்தில் தனக்கிருந்த டோக்கன் நம்பரை என் வீட்டுக்காரர் ஆணியால் அதன் அடியில் கீறி வைத்திருந்தார்.

ஒத்திகை பார்ப்போமென்று டப்பாப் பவுடரில் மாவு கலந்து எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஷேர் ஆட்டோ ஆள் நிரம்பாமல் நகர மாட்டேன் என்றது. பேக்கரிக்குப் போனால், அடுப்பில் ரொட்டி இருக்கிறது, உட்காருங்கள் என்றார்கள். என் முறை வந்து துணியை விலக்கியபோது மாவின் மேல் ஒரு குமிழி இல்லை. அடுப்புக்காரர் எட்டிப் பார்த்தார். அவரும் என் வீட்டுக்காரரும் சுரங்கத்தில் ஒரே ஷாஃப்டில் ஒரே ஷிஃப்டில் இறங்கியவர்கள்.

"மாவு செத்துப் போச்சேக்கா. ஈரம் பட்ட ஒடனே இந்தப் பவுடரு வேலைய ஆரம்பிச்சிடும். நீங்க வந்து சேர்றதுக்குள்ள முடிச்சிடுது."

"இத்தினி வருஷம் இதே மாரிதான பண்ணேன்? அப்ப மட்டும் எப்படிப் பொங்கிச்சு?"

"அண்ணன் சைக்கிள்ல பறந்து வருவாரே! வாசல்லயே நின்னு 'என்துதான் மொதல்ல, ரொட்டி அப்புறம்'னு கத்துவாரு. நுரையோட உள்ள தள்ளுவேன்."

ஒவ்வொரு வருஷமும் அவர் ஒரு கையில் ட்ரேயும் ஒரு கையில் சைக்கிளுமாகப் பறப்பதைப் பார்த்து, "மாவு சிந்துது, மனுஷனா நீங்க?" என்று வாசலில் நின்று கத்தியவள் நான். கேக் என் கைமணம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டவளும் நான்தான். அவர் போன பிறகு இரண்டு வருஷமாகப் பவுடரைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். ரொட்டி வாங்க வந்தவர்கள் பார்க்கப் பார்க்க அந்த பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன்.

அடுப்புக்காரர் டீ வரவழைத்துக் கொடுத்தார். பிறகு உள்ளேயிருந்து வேறொரு டப்பாவைக் கொண்டு வந்தார். "டபுள் ஆக்‌ஷன்னு சொல்றாங்க. நனைஞ்சா பாதி வேலதான் செய்யும். மீதிய அடுப்புச் சூட்டுல செய்யும். லேட்டானாலும் காத்துனு இருக்கும்க்கா."

பிறந்த நாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆட்டோ நின்று நின்று போனது, ரொட்டி முதலில் போனது, நான் வாயே திறக்கவில்லை. கேக் ட்ரேயின் விளிம்பைத் தாண்டி எழும்பி வெளியே வந்தது. சூடாக மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்தேன்.

மகள் இரண்டு துண்டு தின்றாள். "அம்மா! அப்பா இருந்தப்ப மாரியே இருக்கு" என்றாள். நான் விடுவேனா? மூன்று பவுடர் கதையையும் ஒன்று விடாமல் அளந்தேன். பெஞ்சில் அழுததை மட்டும் சொல்லவில்லை. மருமகன் கை தட்டினார்.

மகள் கையைத் துடைத்துக்கொண்டு என்னைக் கட்டிக்கொண்டாள். "சரிம்மா, நீ ஜெயிச்சிட்ட. ஒண்டியா சூப்பரா மேனேஜ் பண்ற. நான்தான் சும்மா பயந்துட்டன். இனிமே வா வான்னு உன்ன தொந்தரவு பண்ண மாட்டன், பிராமிஸ்."

"அப்படி வா வழிக்கு" என்றேன். சாயங்கால ரயிலில் அவர்களை ஏற்றிவிட்டு வந்து, மிச்சமிருந்த கேக்கை மூடி வைத்தேன்.

அடுத்த ஞாயிறு காலையிலிருந்தே போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தேன். அடித்தது. சாப்பிட்டாயா என்று கேட்டாள், மாத்திரை போட்டாயா என்று கேட்டாள். நான் திட்டுவதற்குத் தயாராக இருந்தேன். அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. போனை வைத்துவிடப் போகிறாளே என்று, கேக் எப்படி இருந்தது என்று மறுபடியும் கேட்டேன்.

"சூப்பரா இருந்துச்சும்மா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.