உயிரோடிருக்க ஒரு சிமிட்டல்

ஓய்வூதியம் தடையில்லாமல் வர வேண்டுமென்றால், உயிரோடிருப்பதை வருடத்துக்கொரு முறை நிரூபிக்க வேண்டும். நூற்பாலை வேலையை விட்ட நான் அதற்காக முதன்முறையாக ஒரத்தநாட்டில் ஒரு இ-சேவை மையத்துக்குப் போனேன். போனை என் முகத்துக்கு நேரே பிடித்த பெண், "கண்ணைச் சிமிட்டுங்க சார்" என்றாள். பயத்தில் சிமிட்டுவதே மறந்துவிட்டது. போன் என்னை ஏற்கவில்லை. செத்துத்தான் போய்விட்டோமோ என்று நாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"பதறாதீங்க. அது எமன் இல்ல, போனு" என்றார் பின்னால் நின்றவர். சர்க்கரை ஆலையில் ஓய்வு பெற்றவர். சலவைச் சட்டையும் படிய வாரிய தலையுமாகப் பெண் பார்க்க வந்தவர் போலிருந்தார். வருடா வருடம் மனைவியோடுதான் வருவாராம்.

நான் கொஞ்சம் ஆசுவாசப்படட்டும் என்று முதலில் அவரை உட்கார வைத்தார்கள். அவர் மனைவியை அருகே இழுத்தார்.

"நல்லாப் பாத்துக்க. எனக்கப்புறம் பாதிப் பென்ஷன் உனக்கு வரும். அப்ப நீதான் தனியா வந்து காட்டணும்."

அந்த அம்மா வாசலில் பூ விற்பவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கெதுக்கு அதெல்லாம்? உங்க மூஞ்சியத்தானே கேக்குது? வருஷா வருஷம் நீங்களே வந்து காட்டுங்க."

"எப்பவும் இதேதான் சொல்றா" என்று என்னிடம் சிரித்துவிட்டு, போனைப் பார்த்துச் சிமிட்டினார். உடனே ஏற்றுக்கொண்டது.

"ஆச்சா?" என்று அப்போதுதான் திரும்பிய அந்த அம்மா, அவர் கையைப் பிடித்துப் படியிறக்கினார். யார் யாரைக் கூட்டி வந்தார்கள் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

மறுபடி என் முறை வந்தது. இம்முறை யாரும் சொல்லாமலே என் கண்கள் சிமிட்டிக்கொண்டே இருந்தன.