கோர்ட் பிரியும்வரை தண்டனை

என் பழைய நாட்குறிப்பில், ஒரு ஜூலை மாதத் திங்கட்கிழமையின் கீழ் இப்படி இருக்கிறது: "காலை 11.10 முதல் மாலை 4.50 வரை கோர்ட்டில். தண்டனை முடிந்தது. வெளியே வந்து சாயா, பழம்பொரி."

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு மிளகுக் கிடங்கில் குமாஸ்தா. சுமைக்காரர்களின் வேலைநிறுத்தத்தில் நானும் சாலையில் உட்கார்ந்தேன். பதினோரு பேர் மீது வழக்கு. வக்கீல் எங்களைக் கோர்ட் வராந்தாவில் நிறுத்தி, "குத்தம் சம்மதிச்சுடுங்க. கோர்ட் பிரியறவரை தண்டனை. சாயங்காலம் வரை பெஞ்சுல இருந்தா மதி, அது போதும். கேஸ் நடத்தினா வருஷக்கணக்கா அலையணும்" என்றார். சம்மதித்தோம். சிறு வழக்குகளில் எல்லோரும் செய்வதுதான். மாஜிஸ்திரேட் எழுந்து போனபோது எங்களில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். "ஜெயில்லேர்ந்து விட்டாச்சு, எழுந்திருடா" என்று உலுக்கினோம்.

சென்ற ஆண்டு கிடங்கை மூடிவிட்டார்கள். ஐம்பது வயதில், களமசேரியில் ஒரு பள்ளி நூலகத்தில் வேலை கிடைத்தது. குழந்தைகள் இருக்கும் இடம் என்பதால் போலீஸ் சான்றிதழ் கேட்டார்கள். விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: எந்த வழக்கிலாவது தண்டிக்கப்பட்டதுண்டா?

பேனாவை மூடி வைத்தேன்.

"ரோட்டுல உட்கார்ந்ததை இப்ப யார் கேக்கப் போறா? இல்லைன்னு எழுதுங்கோ" என்றாள் மனைவி.

"பதிவு இருந்தா? பொய் சொன்னதுக்கு வேற கேஸ் வரும்."

"அப்ப உண்டுன்னு எழுதுங்கோ."

"பதிவு போயிருந்தா? நானே தோண்டி எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகும்."

"மழை எத்தனை மணிக்குப் பெஞ்சதுன்னு டைரியில எழுதுவேள். இந்தத் தண்டனை பதிவுல எத்தனை வருஷம் நிக்கும்னு மட்டும் அன்னிக்கு வக்கீல்கிட்ட கேட்கத் தோணலை!"

வக்கீல் இறந்துவிட்டார். தெரிந்தவர்களில் ஒருவர் ஏழு வருடம் என்றார், இன்னொருவர் பத்து. நான்கு பகல் சட்டப் புத்தகங்களோடு இருந்தேன். சிறார் வழக்கின் பதிவுகளை அழிக்க வழி இருக்கிறது. வளர்ந்தவனின் தண்டனை இத்தனை வருடத்தில் தானாக நீங்கும் என்று சொல்லும் ஒரு வரியும் என் கண்ணில் படவில்லை. பஜாரில் போலீஸ் ஜீப் வந்தால் ஏதாவது கடைக்குள் நுழையத் தொடங்கினேன்.

கடைசியில் "உண்டு" என்று எழுதி, தேதியும் போட்டு, ஸ்டேஷனில் கொடுத்தேன். மேசையிலிருந்த இளம் போலீஸ்காரர் கம்ப்யூட்டரில் தேடினார்.

"காணலையே சேட்டா. ரொம்பப் பழைய கேஸ் அல்லே?"

ஒரு நொடி மூச்சு வந்தது.

"நில்லுங்க. பழைய ரெஜிஸ்டர் மாடியில உண்டு. நோக்கிட்டுச் சொல்றேன்." விண்ணப்பத்தைப் பார்த்து என் பெயரையும் தேதியையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டார்.

இன்று ஒன்பதாம் நாள். பள்ளியிலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். அந்த ரெஜிஸ்டரில் என் பெயர் முன்பே இருந்ததா, அல்லது அந்தச் சீட்டிலிருந்து இனிமேல்தான் ஏறப்போகிறதா என்பதை இதுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.